பூனை எலி தின்னும் பிராணி: வீட்டிலேயே புதிதாகச் சமைத்துப் போட முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுப் பூனை கறுப்பனுக்கு அப்போது 5 வயது. வீடு தூத்துக்குடியில், தெருமுனைக்கே மீன் வந்துவிடும், அதனால் காலையில் பச்சைச் சாளை, மற்ற நேரமெல்லாம் கிண்ணம் நிறைய உலர் தீனி என்றுதான் அவனை வளர்த்தோம். ஒரு ராத்திரி மணல் தட்டுக்குப் போவதும் முக்குவதும் திரும்ப வருவதுமாக இருந்தான், ஒரு சொட்டு கூட வரவில்லை. மலச்சிக்கலாக இருக்கும், விடியட்டும் என்று விட்டுவிட்டேன். காலையில் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தான். தூக்கிக்கொண்டு ஓடினால், சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் மருத்துவர். மூன்று நாள் டியூப் போட்டு வைத்திருந்தார்கள். அப்போது அவர் கேட்ட ஒரு கேள்விதான் என்னை இதற்குள் இழுத்தது: "இவன் தண்ணி குடிச்சு நீங்க பார்த்திருக்கீங்களாம்மா?"

யோசித்துப் பார்த்தால், பார்த்ததே இல்லை.

அடைப்புக்கு உலர் தீனி ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மன உளைச்சல், உடல் எடை, ஆண் பூனையின் குறுகலான குழாய் என்று பலதும் சேர்ந்துதான் அது வருகிறது. ஆனால் பூனையின் உடம்பு எதற்காக அமைந்தது என்று தெரியாமலே 5 வருஷம் சோறு போட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கப்புறம் படித்து, மருத்துவரிடம் கேட்டு, தப்புப் பண்ணித் திருத்தி, இப்போது எங்கள் வீட்டில் நடக்கிற முறையை முதலிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த உடம்பைப் புரிந்துகொள்ளுங்கள்

வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்து வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. அதற்கு ஆற்றங்கரை தேடிப்போய்க் குடிக்கிற பழக்கம் கிடையாது. பிடித்துத் தின்கிற எலியிலேயே ஏறக்குறைய 70% தண்ணீர். உலர் தீனியில் இருப்பதோ சுமார் 10%தான். தாகம் குறைவாக எடுக்கும் பிராணிக்குக் காய்ந்த சாப்பாட்டை மட்டும் போட்டுவிட்டு, பக்கத்தில் வைத்த தண்ணீரை அதுவே குடித்துச் சரிக்கட்டிக்கொள்ளும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான பூனைகள் அந்த அளவுக்குக் குடிப்பதில்லை.

இரண்டாவது, இது கறி தின்றே ஆக வேண்டிய உடம்பு. நாய் சோற்றிலும் சமாளிக்கும், பூனையால் முடியாது. உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கிற நொதி இல்லை. இனிப்பை உணரும் மரபணுவே வேலை செய்யாமல் கிடக்கிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். கேரட்டில் இருக்கும் சத்தை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பூனைக்கு அது வராது, ஈரலிலிருந்து நேராகக் கிடைத்தால்தான் உண்டு. நம்மைப் போல வெயிலில் கிடந்து வைட்டமின் டி தயாரித்துக்கொள்ளவும் அதனால் முடியாது. டாரின் என்று ஓர் அமினோ அமிலம் உண்டு, அதைப் பூனையால் போதிய அளவு தானே தயாரிக்க முடியாது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை அழியும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1987-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில்தான் இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார்கள். அதுவரை கடையில் விற்ற தீனியைச் சாப்பிட்டே பூனைகள் செத்துக்கொண்டிருந்தன, அதற்கப்புறம்தான் தீனியில் டாரினைக் கூட்டினார்கள்.

மனிதன் கை படாமல் தானே வேட்டையாடித் தின்னும் பூனைகளின் உணவை ஆராய்ந்து 2011-ல் கணக்குப் போட்டார்கள். அவற்றுக்குக் கிடைக்கும் சக்தியில் 52% புரதத்திலிருந்து, 46% கொழுப்பிலிருந்து, மாவுச்சத்திலிருந்து வெறும் 2%. பால்சோறும் தயிர்சாதமும் போடுகிற வீடுகள் இந்த 2-ஐ மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எண்ணத்தில் நிற்கிறது: தட்டில் ஓர் எலியைத் திரும்பக் கட்ட வேண்டும். வெறும் கோழிக்கறி எலி ஆகாது. எலியில் சதை உண்டு, எலும்பு உண்டு, ஈரல், இதயம், கொழுப்பு, ரத்தம், தண்ணீர் எல்லாம் உண்டு. சதையை மட்டும் போட்டு வளர்த்தால் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் இல்லாமல் போய், உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். குட்டிகள் என்றால் சில வாரங்களிலேயே கால் வளையும், குதித்தாலே எலும்பு முறியும். அன்பாக, காசு செலவழித்து, தினமும் போன்லெஸ் கறி போட்டு வளர்த்தவர்கள் வீட்டில்தான் இது நடக்கிறது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

பச்சையா, வேகவைத்ததா?

இயற்கை உணவு என்றதும் பச்சைக் கறிதான் என்று பலர் பிடிவாதமாக இருப்பார்கள். அவர்கள் காட்டும் பழைய ஆதாரம் கலிபோர்னியாவில் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் 1932 முதல் 1942 வரை செய்த சோதனை. அதில் வேகவைத்த கறி தின்ற பூனைகள் தலைமுறை தலைமுறையாக நலிந்தன. ஆனால் பூனைக்கு டாரின் கட்டாயம் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது, வெந்த கறியில் டாரின் குறைந்ததே அந்த நலிவுக்குப் பெரிய காரணமாக இருந்திருக்கும் என்பதுதான் இப்போதைய விளக்கம். டாரினைத் தனியாகச் சேர்த்துவிட்டால் வேகவைப்பதில் பயமில்லை.

பச்சையில் எனக்குப் பயம் இருக்கிறது. நம் ஊர்க் கறிக்கடையில் கோழி எப்படி வெட்டப்படுகிறது, எவ்வளவு நேரம் வெளியில் தொங்குகிறது என்று நாம் பார்க்கிறோம். கறியில் வரும் சால்மொனெல்லா என்ற கிருமி பூனையை விட அந்தக் கிண்ணத்தைக் கழுவுகிற பாட்டியையும் தவழ்கிற குழந்தையையும்தான் முதலில் பிடிக்கும். இப்போது பறவைக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 கிருமியால் இறந்தன, கறி வழியாக வந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அமெரிக்காவில் பச்சைத் தீனி தின்ற வீட்டுப் பூனைகளும் இதே கிருமியால் இறந்திருக்கின்றன. வேகவைத்தால் கிருமி சாகும். அதனால் என் முடிவு லேசாக வேகவைப்பது, அதை மாற்றுகிற எண்ணம் இல்லை.

தொடங்கும் முன்

பூனையை எடை போடுங்கள். நீங்கள் எடை பார்க்கும் மெஷினில் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தூக்காமல் ஒரு தடவை ஏறிக் கழித்தால் போதும். மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், முக்கியமாக 7 வயதுக்கு மேல் என்றால். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், கல் பிரச்சினை உள்ள பூனை, சினைப் பூனை, வளரும் குட்டி, இவற்றுக்கெல்லாம் கீழே உள்ள அளவு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் உணவுதான். கறுப்பனுக்கும் அடைப்புக்கப்புறம் மாதக்கணக்கில் மருந்து உணவுதான் ஓடியது, அவர் சரி என்ற பிறகே மாற்றினேன்.

ஒரு கிராம் வரை காட்டுகிற சமையல் தராசு வாங்குங்கள். கண்ணளவு இந்த வேலைக்கு ஆகாது.

கடையில் என்ன வாங்குவது

எங்கள் கறிக்கடை அண்ணன் முதல் நாள், "பூனைக்கா? அதுக்கு எதுக்குக்கா தொடைக்கறி, கழுத்தும் காலும் சும்மாவே தர்றேன் கொண்டுபோங்க" என்றார். நல்ல மனசுதான். ஆனால் வேகவைக்கப் போகிறோம் என்பதால் எலும்பு வேண்டாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும், மீன் முள்ளும் அப்படித்தான்.

ஒரு தடவை சமைக்க: எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி 800 கிராம், அதில் பாதி தோலோடு. நெஞ்சுக்கறி வேண்டாம், அதில் கொழுப்பும் குறைவு, டாரினும் குறைவு. கோழி இதயம் 100 கிராம், ஈரல் வாங்கும்போது ஒட்டிக்கொண்டே வரும், சொன்னால் தனியாக எடுத்துத் தருவார்கள். ஈரல் 50 கிராம், அதற்கு மேல் போகாதீர்கள். பூனை ஈரலுக்கு உயிரை விடும், அதனால் தினமும் ஈரலே போடுகிற வீடுகள் உண்டு. வைட்டமின் ஏ அளவு மீறிச் சேர்ந்து கழுத்தெலும்பு ஒன்றோடொன்று ஒட்டி, தலையைத் திருப்ப முடியாமல் போய்விடும். ஆட்டு ஈரலில் அந்தச் சத்து இன்னும் அதிகம், அது என்றால் 25 கிராம் போதும்.

அப்புறம் ஒரு முட்டை. அதன் ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஓட்டுப்பொடியும் மற்ற சத்துகளும்

முட்டை ஓட்டை உள்சவ்வோடு கழுவி, 10 நிமிஷம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் லேசாகச் சூடாக்கி, மிக்சியின் சின்ன ஜாரில் மாவாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். நறநறவென்று இருக்கக் கூடாது. ஒரு கிராம் ஓட்டுப்பொடியில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம். நாம் எடுத்த கறிக்கு 6 கிராம் வேண்டும், ஒரு முட்டை ஓடே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். எலியின் எலும்புக்கு ஈடாக நாம் வைப்பது இதைத்தான்.

டாரின் பொடி 2 கிராம். கலப்பில்லாத டாரின் ஆன்லைனில் கிடைக்கிறது. உடற்பயிற்சிக்காரர்கள் குடிக்கும் காஃபின் சேர்த்த கலவையை வாங்கிவிடாதீர்கள்.

இவ்வளவும் போட்டாலும் சத்து முழுமையாகாது, இதை நான் மறைக்க விரும்பவில்லை. வைட்டமின் ஈ, பி1, டி, அயோடின், துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் குறையும். அதே டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2019-ல் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைக்கும் 114 பூனைச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தார்கள், தேவையான எல்லாச் சத்தும் நிறைந்த குறிப்பு ஒன்று கூட இல்லை, மருத்துவர்கள் எழுதியவை உட்பட. அதனால் என் குறிப்பையும் அப்படியே நம்பிக் காலம் முழுக்க ஓட்டாதீர்கள். இரண்டு வழி இருக்கிறது. பூனைக்கென்றே செய்த முழுச் சத்துப் பொடியை வாங்கி, பொட்டலத்தில் சொன்ன கணக்கில் கலப்பது ஒன்று. அப்படிச் செய்தால் ஓட்டுப்பொடியும் டாரினும் தனியாகப் போடக் கூடாது, அதிலேயே இருக்கும், ஈரல் சேர்க்கலாமா என்பதையும் அதில் படித்துவிடுங்கள். இன்னொன்று, இந்தக் குறிப்பை உங்கள் மருத்துவரிடம் காட்டி, குறைகிற சத்துகளுக்கு அவர் எழுதித் தருவதைச் சேர்ப்பது. நாம் விழுங்கும் மல்டிவைட்டமின் மாத்திரையைப் பொடித்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது, அதன் அளவு மனித உடம்புக்கானது.

சமைக்கும் முறை

கறியைச் சின்ன விரல் நுனி அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கைமாவாகவும் போடலாம், ஆனால் கொஞ்சம் துண்டாக இருந்தால் தாடைக்கு வேலை கிடைக்கும். அடிகனமான பாத்திரத்தில் 200 மில்லி தண்ணீர் ஊற்றிக் கறி, இதயம் இரண்டையும் போட்டு மூடி, சின்னத் தீயில் வையுங்கள். நிறம் முழுக்க மாறினதும் நறுக்கிய ஈரலைப் போடுங்கள், கடைசி இரண்டு நிமிஷத்தில் அடித்த முட்டையைக் கலந்துவிடுங்கள். பச்சை முட்டை வெள்ளையில் பயோட்டின் என்ற சத்தைக் கட்டிப்போடும் பொருள் உண்டு, வெந்துவிட்டால் கவலையில்லை. துண்டின் நடுவில் சிவப்பு இருக்கக் கூடாது. சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 74 டிகிரி. குக்கரில் விசில் வைத்துக் குழைக்க வேண்டாம்.

தாளிப்பு இல்லை, மஞ்சள் இல்லை, வெங்காயமும் பூண்டும் சுத்தமாக இல்லை. வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நம் குழம்பில் இருந்து ஒரு துண்டை எடுத்துக் கழுவிப் போட்டாலும் அந்தச் சாறு கறிக்குள் ஊறித்தான் இருக்கும்.

வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள்! டாரின் சூட்டில் அழிவதில்லை, தண்ணீரில் கரைந்து இறங்குகிறது. கொட்டினால் சத்தையும் கொட்டுகிறீர்கள், எலிக்குள் இருக்க வேண்டிய ஈரத்தையும் கொட்டுகிறீர்கள். அந்தச் சாறு முழுக்கக் கறியோடு கலந்தே இருக்கட்டும்.

நன்றாக ஆறினதும் ஓட்டுப்பொடி, டாரின், மற்ற சத்துகளைத் தூவி, எல்லாத் துண்டிலும் படும்படி இரண்டு நிமிஷம் கிளறுங்கள். சூட்டில் போட்டால் பி1 போன்றவை வீணாகிவிடும்.

எவ்வளவு போடுவது, எப்படி வைத்துக்கொள்வது

குடும்பக்கட்டுப்பாடு செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி. மேலே செய்த கலவையில் சாறோடு சேர்த்து 150 கிராம் அந்தக் கணக்குக்கு வரும், ஆக ஒரு தடவை சமைத்தால் ஒரு பூனைக்கு ஒரு வாரம். காலை, மாலை, படுக்கும் முன் என்று மூன்று வேளையாகப் பிரித்துவிடுங்கள். இது தொடக்க அளவுதான், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டியது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

இரண்டு நாளுக்கானதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து, மீதியைச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் போடுங்கள். முந்தின ராத்திரி கீழே இறக்கி வைத்தால் காலைக்கு இளகிவிடும், வெளியில் வைத்து இளக்க வேண்டாம். கரண்ட் ரொம்ப நேரம் போய் ஃப்ரீசர் டப்பா முழுக்க இளகி, வெதுவெதுப்பாகவும் ஆகியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். போடும்போது கிண்ணத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, உள்ளங்கைச் சூடு வந்ததும் வையுங்கள். இப்போதுதான் பிடித்த எலியின் சூடு அது, வாசனையும் எழும். ஃபிரிட்ஜிலிருந்து சில்லென்று எடுத்து வைத்துவிட்டு, பூனைக்குப் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் நிறைய பேர்.

நம் வெயிலில் அரை மணிக்கு மேல் தட்டில் விடக் கூடாது. எறும்பு வந்தால் தட்டைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வையுங்கள், எறும்புச் சாக்பீஸ் பக்கமே போகாதீர்கள்.

பழைய தீனியிலிருந்து மாற்றுவது

மிகவும் பொறுமை வேண்டிய இடம் இதுதான். பூனை குட்டியில் பழகிய சாப்பாட்டைத்தான் சாப்பாடு என்று நம்பும். முதல் வாரம் தீனியை மாற்றாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்: நாள் முழுக்க நிரம்பிக் கிடக்கும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, அதே தீனியை மூன்று வேளை, அரை அரை மணி நேரம் மட்டும் வையுங்கள். பசி என்பது திரும்ப வரும். இரண்டாவது வாரம் பக்கத்தில் தனித் தட்டில் ஒரு டீஸ்பூன் புதுச் சாப்பாடு. முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. அதன் பிறகு சாறை மட்டும் பழைய தீனியில் தெளியுங்கள், அப்புறம் கால் பங்கு, பாதி என்று கூட்டுங்கள். கறுப்பனுக்கு 7 வாரம் ஆனது. உலர் தீனியைப் பொடித்து மேலே தூவினால் நம்பிச் சாப்பிட்டான். உப்பில்லாமல் வேகவைத்துக் காயவைத்த நெத்திலியைப் பொடித்துத் தூவுவதும் நன்றாக வேலை செய்தது. கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம்.

பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால், குண்டுப் பூனை என்றால் குறிப்பாக, கல்லீரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு முழு நாள் ஒன்றும் தின்னவில்லை என்றால் பழைய தீனியைக் கொடுங்கள், அதையும் மறுத்தால் மருத்துவரிடம் போங்கள்.

மீனும் பாலும்

பச்சைச் சாளையைத் தினமும் போட்ட என் தப்பைச் சொன்னேன் அல்லவா. சாளை, நெத்திலி வகை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு, பச்சையாகத் தொடர்ந்து தின்றால் தலை தொங்கி, நடை தள்ளாடி, வலிப்பு வரை போகும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். வாரத்தில் ஒரு வேளை முள் எடுத்த வெந்த சாளை, நல்ல கொழுப்புக்காக, அவ்வளவு போதும். சூரை மட்டுமே தின்று வளரும் பூனைக்கு வைட்டமின் ஈ தீர்ந்து, உடம்புக் கொழுப்பு மஞ்சளாகி வீங்கி, தொட்டாலே வலிக்கிற நோய் வரும்.

பால் பற்றிச் சுருக்கமாக: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். தண்ணீரே வையுங்கள்.

இவ்வளவும் செய்ய முடியாதவர்களும் இருப்பார்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. முழுச் சத்துள்ள கடைத் தீனியே முக்கிய உணவாக இருக்கட்டும், முடிந்தால் ஈரமான வகை. ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெந்த கறித் துண்டும் சாறும் சேர்த்தால் சத்துக் கணக்கு கெடாது. தெருப் பூனைகளுக்கும் எங்கள் வீட்டில் இதே வழிதான்.

மாற்றிய பிறகு கவனிக்க வேண்டியவை

மலம் அளவில் குறையும், கெட்டியாகும், நாற்றம் அவ்வளவாக இருக்காது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவதும் உண்டு. மணலில் சிறுநீர்க் கட்டி முன்பை விடப் பெரிதாகும். கிண்ணத்துத் தண்ணீரை இன்னும் குறைவாகத்தான் தொடும், சாப்பாட்டிலேயே ஈரம் போகிறது என்பதால் பயப்பட வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் பேதி, திரும்பத் திரும்ப வாந்தி, எடை இறங்குவது என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முதல் வருஷம் 6 மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று.

ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, கட்டி எதுவும் இல்லை என்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் மருத்துவரை எழுப்புங்கள்.